நடுச்சுவரில் வைத்த கதவு

ஆரணி, நிரோஷன்,

போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் நீங்கள் காட்டிய வீட்டுப் படத்தை என்னுடைய போனுக்கும் அனுப்பச் சொன்னேன் அல்லவா? அதைத்தான் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒட்டு வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். இடது பாதியும் வலது பாதியும் ஒன்றாக விற்பனைக்கு வருவது அரிதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்.

"நடுச்சுவரில ஒரு கதவு வச்சால் காணும் அப்பா. நீங்கள் ரெண்டு பக்கமும் நடந்து திரியலாம்" என்றாள் ஆரணி.

"இற்ஸ் ஜஸ்ற் அ டோர், அப்பா. உங்கட வேலையே அதுதானே" என்றான் நிரோஷன்.

நான் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு விருப்பம் இல்லை என்று நீங்கள் நினைத்துவிட்டீர்கள். விருப்பம் இல்லாமல் இல்லை. குழப்பம். வாயால் சொல்ல வரவில்லை, எழுதிப் பார்க்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆரணி வாசிக்க, நிரோஷன் கேட்கட்டும். அவன் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வீட்டை வேறு யாராவது வாங்கிவிடுவார்கள்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஒருநாள் கூட்டாளி ஒருவன், "மேசன் வேலைக்கு ஆள் தேடுகினம். ஊரில மேசனோ எண்டு கேட்டால் ஓம் எண்டு சொல்லு" என்றான். ஓம் என்றேன். ஊரில் நான் சாந்து பூசும் சாந்தகப்பையைத் தொட்டதே இல்லை. முதல் சில வருடங்கள் செங்கல் சுமந்தேன், சாந்து குழைத்தேன், பனியில் விரல் விறைத்தேன். அதில் சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை. பிறகு பீற்றரின் கீழ் வேலைக்குப் போனேன். அதிலிருந்துதான் எனக்கு வேலை தெரியும்.

பீற்றர் எங்கள் போர்மன், வேலையை மேற்பார்ப்பவர். நெடுத்த, ஒல்லியான வெள்ளைக்காரர். அவர் சத்தம் போடமாட்டார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும். "குணம், உனக்குச் சிரமம் இல்லையென்றால், தயவுசெய்து அந்தக் கல்லைக் கொஞ்சம் எடுத்துவிட முடியுமா?" என்று கேட்டால், நான் வைத்தது படுமோசம் என்று விளங்கிக்கொள்ள வேண்டும். ஒருநாள் அடுத்தடுத்து இரண்டு தரம் "மிக்க நன்றி" சொன்னார். அன்று முழுச் சுவரையும் பிரித்தோம்.

அவரிடம் இன்னொரு பழக்கம். புது வீட்டுக்கு வேலைக்குப் போனால் வான் வண்டியில் இருந்து ஒரு சாமானும் இறக்க விடமாட்டார். நேரே எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் நிற்பார். தேநீர்ப் போத்தலைத் திறந்து மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டே, எதிரில் இருக்கும் ஒட்டு வீட்டைக் காட்டி, "எத்தனை வீடு?" என்று கேட்பார்.

"இரண்டு" என்றேன் முதல் தரம்.

"திரும்பப் பார்."

அடுத்த வேலையில் நான் கெட்டிக்காரன் மாதிரி "ஒன்று" என்றேன்.

"திரும்பப் பார்."

பிறகு எல்லா வீட்டிலும் கேட்டார். சரியான விடை எது என்று ஒருநாளும் சொல்லவில்லை. அவருக்கு அது பகிடியா பாடமா என்றும் எனக்குத் தெரியாது.

அவர் இங்கிலாந்தில் பிறைற்றன் என்ற கடலோர நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே அந்தக் காலத்தில் ராசா ஒருவருக்குப் புத்தி சுகமில்லாமல் போக, மகன் பொறுப்பாக நின்று ஆண்டானாம். அந்த நாட்களில் வந்த கட்டடப் பாணிக்கு ரீஜன்சி என்று பெயர். அந்தப் பாணியில் ஒட்டு வீடு கட்டுகிறவர்கள் ஒரு தந்திரம் செய்வார்களாம். இரண்டு வாசலையும் முன்னுக்கு வைக்காமல், ஒன்றை இடது ஓரத்துக்கும் மற்றதை வலது ஓரத்துக்கும் தள்ளிவிடுவார்கள். முகப்பு முழுக்க ஒரே சாந்து பூசி, ஈரம் காயுமுன் கோடு இழுத்து, பெரிய பெரிய கல் அடுக்கியதுபோல் காட்டுவார்கள். தெருவால் போகிறவனுக்கு அது ஒரே மாளிகை. உள்ளே இருப்பது இரண்டு சாதாரணக் குடும்பம்.

"எதற்கு அப்படி?" என்று கேட்டேன்.

"தனித்தனியே யாரிடமும் மாளிகைக்கு வசதி இல்லை" என்றார் பீற்றர்.

ரொறன்ரோவில் ஒட்டு வீட்டுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அநேகமானவற்றில் இரண்டு வாசலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இங்கிலாந்தில் இருந்து வந்த யாரோ நகரத்தின் பழைய கிழக்குப் பகுதியில், அந்தப் பிறைற்றன் மாதிரியைப் பார்த்து ஒரு சோடி கட்டியிருந்தார்கள். அந்த வீட்டு வேலை எங்களுக்கு வந்தபோது பீற்றரின் முகத்தில் சந்தோசத்தைப் பார்த்தேன். அந்தச் சோடியை வாங்கியிருந்தவர்கள் எங்கள் ஆட்கள்.

இடது பாதி கமலாக்காவுடையது. கணவரை இழந்தவர், தபால் பிரிக்கும் இடத்தில் வேலை, மகன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். வலது பாதி அவருடைய தம்பி சிறியண்ணையுடையது. சிறியண்ணை பஸ் ஓட்டினார். அவர் மனைவி வதனி ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்யும் தாதி. என்னைவிட இரண்டு பேரும் மூப்பு. அதனால் எனக்கு அவர் அக்கா, இவர் அண்ணை.

முதல் நாள் பீற்றர் எதிர்ப்பக்கம் நின்று மேல்மாடியின் நடு யன்னலைக் காட்டினார். "உள்ளே போய் அதன் அகலத்தை அளந்து வா."

நான் கமலாக்கா வீட்டுக்குள் போய் மாடி ஏறினேன். முன்னறையில் ஒரு யன்னல்தான் இருந்தது, அது ஓரத்து யன்னல். சரி, நடு யன்னல் தம்பி பக்கம் என்று நினைத்து இறங்கி, வீட்டைச் சுற்றி நடந்து, சிறியண்ணை வீட்டு மாடிக்கு ஏறினேன். அங்கேயும் ஓரத்து யன்னல் மட்டும். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். நடு யன்னல் சட்டத்தோடு, கறுத்த கண்ணாடியோடு, அப்படியே நிற்கிறது. திரும்பவும் உள்ளே போனேன்.

கமலாக்கா படிக்கட்டில் நின்று சிரித்தார். "என்ன குணம், அந்த யன்னலோ தேடுறியள்? வீடு வாங்கின புதுசில நானும் தேடினனான். திரைச்சீலையும் தைச்சு வச்சிருந்தனான்."

அது பொய் யன்னல். பின்னால் அறையே இல்லை. நடுச்சுவர் வந்து முட்டும் இடம் அது. அங்கே வெறும் சுவராக விட்டால் முகப்பு இரண்டாகப் பிளந்து தெரியும் என்று, ஒரு யன்னல் போலக் குழி எடுத்து, சட்டம் வைத்து, கண்ணாடிபோல் தெரியக் கறுப்பு மை பூசியிருக்கிறார்கள். வீட்டு உறுதிப் பத்திரத்தில் போட்ட எல்லைக்கோடு அந்த யன்னலின் நடுவால் போகிறது. பாதி அக்காவுடையது, பாதி தம்பியுடையது. இரண்டு பேரில் ஒருவராலும் அதைத் திறக்க முடியாது. எங்கள் ஊரில் வேலி ஒரு முழம் தள்ளினாலே கோட்டுக்குப் போகிற ஆட்கள் நாங்கள். இப்படி ஒரு யன்னலைப் பற்றி என்ன நினைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

நாங்கள் போனது முகப்புச் சாந்து வேலைக்கு. ஆனால் கமலாக்கா கேட்டது கதவு. அந்த வீட்டில் இரண்டு குசினியும் நடுச்சுவரின் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக இருந்தன. அக்கா தாளிக்கிற சத்தம் தம்பி வீட்டில் கேட்கும். ஆனால் வாசல்கள் இரண்டு ஓரத்திலும் இருந்தபடியால், ஒரு குசினியில் இருந்து மற்றதுக்குப் போக முழு வீட்டையும் சுற்ற வேண்டும்.

"பனிக்குள்ள சொதிச் சட்டியோட என்னால சுத்த ஏலாது, குணம். உங்கட துரையிட்டை ஒரு கதவு கேட்டுச் சொல்லுங்கோ."

பீற்றர் கொஞ்ச நேரம் சுவரில் புறங்கையை வைத்தபடி நின்றார். பிறகு, "செய்யலாம்" என்றார்.

ஆரணி, நிரோஷன், இதைக் கவனமாகக் கேளுங்கள். நடுச்சுவரில் கதவு வைப்பது உளியை எடுத்துக்கொண்டு போய்க் குத்துகிற வேலை இல்லை. முதலில் பொறியியலாளர் வந்து பார்த்துப் படம் கீற வேண்டும், நகரசபையின் அனுமதி வேண்டும். பிறகு கதவு வரப்போகும் இடத்துக்கு மேலே சுவரைத் துளைத்து, குறுக்காக உத்திரக்கட்டைகளை ஊடுருவ விட்டு, ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு கால் அக்கா வீட்டில், மற்றக் கால் தம்பி வீட்டில். ஒரு பக்கம் மட்டும் நின்று இந்த வேலையைச் செய்யவே முடியாது. அந்தச் சுவர் இரண்டு வரிசைச் செங்கல். இரண்டையும் பிணைக்க இடைக்கிடை ஒரு கல்லைக் குறுக்காகப் படுக்க வைத்திருப்பார்கள். அந்தக் கல்லின் ஒரு முனை இந்த வீட்டைப் பார்க்கும், மறுமுனை அந்த வீட்டைப் பார்க்கும். கதவுக்கு மேல் பாரம் தாங்கும் இரும்பு லின்ரலை ஏற்றி, அதன்மேல் இறுக்கிச் சாந்து அடைத்து, அது பாரத்தைப் பிடித்த பிறகுதான் கீழே கல்லை எடுக்கலாம். பீற்றர் இயந்திர வாளால் அறுக்க விடமாட்டார். மேலே இருந்து கீழாக, ஒவ்வொரு கல்லாக, பழைய சுண்ணாம்புச் சாந்தை உளியால் கிண்டிக் கையால் எடுக்க வேண்டும்.

கடைசியில் நெருப்புத் தாங்கும் கதவு ஒன்றைப் பூட்டினோம். சட்டப்படி அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். பூட்டு ஏதும் கிடையாது, தள்ளினால் திறக்கும்.

எடுத்த கல்லை என்ன செய்வது என்று கேட்டேன். "வீட்டோடு நிற்கட்டும்" என்றார் பீற்றர். அதிகமானதைக் கமலாக்கா பின்வளவுக்குக் கொண்டுபோய்க் கீரைப் பாத்திக்கு வரம்பு கட்டினார். சிறியண்ணை கொஞ்சத்தை எடுத்து இறைச்சி வாட்டும் அடுப்புக்கு அடுக்கினார். வேலை முடிந்த அன்று கமலாக்கா அந்தக் கதவால் போய் வதனியைக் கூப்பிட்டார், வதனி அந்தக் கதவால் வந்து எங்களுக்கு வடை தந்தார். அன்றைக்கு எனக்கு அது நல்ல வேலை.

சில வருடங்களுக்குப் பிறகு சிறியண்ணை எனக்குப் போன் எடுத்தார். வீட்டை விற்கப் போகிறாராம். ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் புது வீட்டுக்குக் கையெழுத்து வைத்தாயிற்று. இதை வாங்குகிறவர்கள் நடுச்சுவரை முன்போல மூடித் தந்தால்தான் எடுப்போம் என்கிறார்கள். மூடாவிட்டால் இது விலைப்படாது, இது விலைப்படாவிட்டால் விட்பி வீடும் கையை விட்டுப் போய்விடும்.

"அக்கா என்ன சொல்றா, அண்ணை?" என்று கேட்டேன்.

"அவவோட கதைக்கிறேல்லை" என்றார்.

நானும் பீற்றரும் போனோம். கதவில் சிறியண்ணை பக்கம் ஒரு சின்னக் கொழுக்கி இருந்தது. நாங்கள் வைத்தது இல்லை. பீற்றர் அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கதவையும் நிலையையும் கழற்றினார். பின்வளவுக்குப் போய்ச் சிறியண்ணையின் அடுப்புக் கல்லை எண்ணினார். சுவரை மூட அது காணாது. வேலிக்கு மேலால் கமலாக்காவின் கீரைப் பாத்தியைப் பார்த்தார்.

"அந்தக் கல் வேண்டும்."

கமலாக்காவிடம் போய்க் கேட்டேன். "தரமாட்டன்" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வந்து பீற்றரிடம் சொன்னேன். பழைய கல் விற்கும் இடம் இருக்கிறதே, அதே வயதுக் கல் வேண்டிய அளவு வாங்கலாமே என்றும் சொன்னேன். நாங்கள் மற்ற வேலைகளுக்கு அங்கேதான் வாங்குவோம்.

"அது வேறு சுவரின் கல்" என்றார். "உனக்குச் சிரமம் இல்லையென்றால், அந்த அம்மாவிடம் இன்னொரு தரம் கேட்க முடியுமா?"

மரியாதை கூடிவிட்டது. இனி அவரோடு கதைத்துப் பலன் இல்லை. அவர் உண்மையில் கல்லைப் பற்றித்தான் சொன்னாரா, அல்லது வேறு எதையாவது மனதில் வைத்திருந்தாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான் கதவு இருந்த இடைவெளிக்குள், சுவரின் தடிப்புக்குள் போய் நின்றேன். இடது பக்கம் தன்னுடைய குசினியில் கமலாக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வலது பக்கம் தன்னுடைய குசினியில் சிறியண்ணை. கையை நீட்டினால் ஒருவரை ஒருவர் தொடலாம்.

"குணம், அவவிட்டைச் சொல்லுங்கோ, கல்லுத் தராட்டில் வீட்டு வியாபாரம் குழம்பிப் போகும் எண்டு."

நான் இடது பக்கம் திரும்பினேன். "அக்கா, கல்லுத் தராட்டில்..."

"எனக்குக் காது நல்லாக் கேக்குது. அவரிட்டைச் சொல்லுங்கோ, உது கல்லில்லை, என்ர கீரைப் பாத்தி எண்டு."

"அண்ணை, உது கல்லில்லையாம்..."

"கல்லில்லாமல் என்ன, பவுணோ எண்டு கேளுங்கோ."

பீற்றர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்து தேநீர் குடித்தார். "என்ன சொல்கிறார்கள்?"

"கல்லைப் பற்றிக் கதைக்கிறார்கள்."

"நீ எந்த மொழியில் இருந்து எந்த மொழிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாய்?"

நான் திரும்பவும் இடது பக்கம் பார்த்தேன்.

"கொழுக்கி போட்டது ஆர் எண்டு கேளுங்கோ, குணம்" என்றார் கமலாக்கா.

"போட்டது நான்தான் எண்டு சொல்லுங்கோ. வதனி இரவு முழுக்க நிண்டு வேலை செய்துபோட்டு வந்து பகலில படுக்கிறவ. நினைச்ச நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து 'வதனீ' எண்டு கூப்பிட்டால் அந்த மனிசி எப்பிடி நித்திரை கொள்ளுறது? அதுக்குத்தான் ஒரு கொழுக்கி. தட்டியிருந்தால் திறந்திருப்பம் எண்டு சொல்லுங்கோ."

நான் திரும்பவும் வாயைத் திறந்தேன். கமலாக்கா என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மேலால் தம்பியைப் பார்த்தார்.

"தட்டுறதோ? என்ர தம்பியின்ர வீட்டுக் கதவை நான் தட்டிப்போட்டு நிக்கிறதோ?" இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினார். "சொதிச் சட்டி சுடச் சுட. ரெண்டு கையிலயும் சட்டி. எந்தக் கையால தட்டுறது?"

குளிர்சாதனப் பெட்டி இரைகிற சத்தம் மட்டும் கேட்டது, அது எந்த வீட்டுப் பெட்டி என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்தச் சட்டியை, கொழுக்கி போட்டிருந்து கதவு திறபடாத அன்றைக்கு, கதவடியில் நிலத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர்தான் கமலாக்கா. அதற்குப் பிறகு அவர் அந்தக் கதவைத் தொடவில்லை. ஏன் வரவில்லை என்று சிறியண்ணை கேட்கவும் இல்லை.

சிறியண்ணை திரும்பி நடந்தார். அவருடைய வாசல் கதவு அடிபட்டு மூடும் சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டு போய்விட்டார், இனி வியாபாரமும் இல்லை, வேலையும் இல்லை என்று நினைத்தேன். பீற்றரும் எழுந்து வாளியை நிமிர்த்தினார்.

அப்போது கமலாக்கா வீட்டு மணி அடித்தது.

கமலாக்கா அசையவில்லை. "ஆரெண்டு பாருங்கோ, குணம்."

நான் போய்த் திறந்தேன். சிறியண்ணை நின்றார். தன்னுடைய வாசலால் இறங்கி, முகப்பைச் சுற்றி, அந்தப் பொய் யன்னலுக்குக் கீழால் நடந்து இந்த வாசலுக்கு வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

"அக்கா நிக்கிறாவோ?" என்று என்னிடம் கேட்டார். "முதல் தட்டினனான். கேக்கேல்லைப் போல. பிறகுதான் மணி அடிச்சனான்."

"என்னவாம்?" என்று குசினியில் இருந்து கமலாக்கா கேட்டார்.

"கல்லுக் கேட்டு வந்திருக்கிறாராம், அக்கா."

கமலாக்கா குசினிக்குள் இருந்தபடியே குரல் கொடுத்தார்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வரச் சொல்லுங்கோ."

கீரைப் பாத்தியை இரண்டு பேருமாகத்தான் பிரித்தார்கள். "அங்கால நில், கீரையில மிதியாத! உன்ர காலை எங்க வைக்கிறாய் எண்டு பார்" என்று கமலாக்கா பேசுவது குசினிக்குக் கேட்டது. அதுவரைக்கும் 'அவர்' என்று இருந்த தம்பிக்கு அப்போதுதான் 'நீ' என்று ஏச்சு விழத் தொடங்கியது. பீற்றர் ஒவ்வொரு கல்லாக எடுத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். நல்ல கல் மணிபோலக் கிணுகிணுக்கும், பழுதான கல் மொத்தென்று கேட்கும். மண்ணில் கிடந்து பனி குடித்ததில் பல கல் முகம் உதிர்ந்துவிட்டன. சிறியண்ணையின் அடுப்புக் கல்லையும் சேர்த்த பிறகுதான் மட்டுமட்டாகக் காணும் என்று வந்தது. ஒருவரிடம் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு அந்தச் சுவரை மூடியிருக்க முடியாது.

சுண்ணாம்புச் சாந்து மெதுவாக இறுகும், அவசரப்பட்டு ஏற்றினால் சுவர் வயிறு தள்ளும். அதனால் ஒவ்வொரு நாளும் சில வரிகள்தான். கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, பக்கச் சுவரில் பல்லுப்போல வெட்டிய இடங்களில் கோத்துக் கட்டினோம். பீற்றர் அக்கா பக்கம், நான் தம்பி பக்கம். சாயந்தரம் ஈரச் சாக்கால் மூடிவிட்டுப் போவோம். முழங்கால் உயரம் வந்தபோது கமலாக்கா சுவருக்கு மேலால் தேநீர் தந்தார். இடுப்பளவு வந்தபோது இரண்டு பேரும் இரண்டு பக்கமும் நின்று, விட்பியில் கீரை முளைக்குமா, பஸ் எத்தனை மணிக்கு ஒன்று வரும் என்று கதைத்தார்கள். நெஞ்சளவு வந்தபோது சிறியண்ணை எதையோ சொல்ல, கமலாக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். இனி இதை எதற்கு மூட வேண்டும்? சாந்தகப்பையோடு நின்றுவிட்டேன்.

"அண்ணை, உண்மையா மூடத்தான் வேணுமோ?"

"ஓம். ஏன்?" என்றார் சிறியண்ணை, நான் விசர்க் கதை கதைப்பதுபோல.

"என்ன குணம், நிண்டிட்டியள்?" கமலாக்கா மறுபக்கம் இருந்து எட்டிப் பார்த்தார். "சாந்து இறுகப்போகுது. கட்டுங்கோ."

கட்டினேன். லின்ரலுக்குக் கீழே ஒரே ஒரு கல் வைக்கிற ஓட்டை மிஞ்சியது. அதன் வழியே கமலாக்காவின் குரல் வந்தது. "வதனி படுக்கிறாளோ?"

"ஓம், அக்கா."

"அப்ப மெல்லக் கதை" என்றார், அதைவிட மெல்லிய குரலில்.

பீற்றர் அந்தப் பக்கத்தில் இருந்து கடைசிக் கல்லை உள்ளே தள்ளினார். அடுப்பில் கிடந்து கறுத்த கல் அது. நான் இந்தப் பக்கம் சாந்தை அடைத்து அழுத்தினேன். உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்று பார்க்க அவர் சுத்தியல் பிடியால் இரண்டு தரம் தட்டினார். நானும் தட்டினேன்.

சாமான்களை ஏற்றிய பிறகு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றோம். முகப்பில் ஒன்றுமே மாறவில்லை. உள்ளே நடந்தது எதுவும் தெருவுக்குத் தெரியாது. பீற்றர் மூடியில் தேநீர் ஊற்றினார்.

"எத்தனை வீடு?"

"தெரியவில்லை" என்றேன். அந்தக் கேள்விக்கு நான் யோசித்துச் சொன்ன முதல் பதில் அது.

அவர் "திரும்பப் பார்" என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. போத்தலை இறுக்கி மூடி, "திங்கட்கிழமை ஏழு மணி" என்று சொல்லிவிட்டு வான் வண்டியில் ஏறினார்.

சிறியண்ணை விட்பிக்குப் போனார். போன வருடம் ஒரு கலியாண மண்டபத்தில் அவரையும் கமலாக்காவையும் ஒரே மேசையில் கண்டேன். கமலாக்கா இப்போதும் அதே வீட்டில்தான். பக்கத்தில் வந்தவர்கள் நல்ல சனமாம், எதற்கும் தட்டிவிட்டுத்தான் வருவார்களாம். தம்பி ஞாயிறு தவறாமல் விட்பியில் இருந்து கார் ஓடி வருகிறார். அவரும் தட்டுவாரோ என்று கேட்டேன்.

"அவன் ஏன் தட்டுறான்?" என்று கமலாக்கா என்னை முறைத்தார். "வாசல் கதவுத் திறப்பு ஒண்டு வெட்டிக் குடுத்திருக்கிறனே."

கதவு இருந்தபோது அப்படி, கதவு இல்லாதபோது இப்படி. கதவைத் திறந்ததும் நான், மூடியதும் நான். எந்த வேலை நல்ல வேலை என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு வையுங்கள் என்றோ வைக்காதீர்கள் என்றோ நான் சொல்லப்போவதில்லை. வைப்பதென்றால் நான் வந்து நிற்பேன். முழங்கால் மடங்காது, ஆனால் எங்கே முட்டுக் கொடுப்பது, லின்ரல் எவ்வளவு உள்ளே ஏற வேண்டும் என்று காட்டலாம். வாளால் அறுக்க விடாதீர்கள், கையால் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த கல்லை வெளியே மண்ணில் போடக்கூடாது, பனி தின்றுவிடும். பேஸ்மென்றில், பலகைக்கு மேலே, காய்ந்த இடத்தில் அடுக்க வேண்டும்.

எல்லாக் கல்லையும் ஒரு வீட்டில் வைக்காதீர்கள். பாதியை ஆரணி வைத்திருக்கட்டும். பாதியை நிரோஷன் வைத்திருக்கட்டும்.